ஒரு பிட்சரின் பேரேடு: பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தில் நோலன் ரயனின் 27 பருவங்கள்

அமெரிக்கப் பேஸ்பாலின் பழைய கணக்கு எதையாவது தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் பேஸ்பால்-ரெஃபரன்ஸ் என்னும் இணையதளம். அயோவா பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஷான் ஃபோர்மன் 2000ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். பிறகு கல்லூரிப் பேராசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றி, 2006இல் அந்த வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதற்கே வந்துவிட்டார். இன்று பிலடெல்ஃபியாவிலிருந்து இயங்கும் ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் நிறுவனம் இதை நடத்துகிறது. 1871ஆம் ஆண்டின் தொழில்முறை ஆட்டங்களில் தொடங்கி நேற்றிரவு முடிந்த ஆட்டம் வரை, களத்தில் இறங்கிய ஒவ்வொரு வீரருக்கும் இங்கே ஒரு பக்கம் உண்டு. விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் இந்தப் பக்கங்கள் எல்லாமே இலவசம்.

கிரிக்கெட் ஸ்கோர் அட்டைகளோடு வளர்ந்தவன் நான். பேஸ்பாலை நேரலையில் பார்த்ததைவிட இந்தத் தளத்தில் படித்தது அதிகம் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் இந்தச் சேவையை மதிப்பிட வேண்டும் என்று தோன்றியபோது, மொத்தத் தளத்தையும் சுற்றிக்காட்டுவதைவிட ஒரே ஒரு பிட்சரின் பக்கத்தை எடுத்துக்கொண்டு அது எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை என்று முடிவு செய்தேன். அதற்கு நோலன் ரயனைவிடப் பொருத்தமானவர் இல்லை. வரலாற்றின் மிகச் சிறந்த பிட்சர் அவர்தான் என்று சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். முதல் 10 இடங்களுக்குள்கூட அவருக்கு இடமில்லை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், இரு தரப்பினரும் இதே பக்கத்தைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

பேஸ்பாலை அதிகம் பார்க்காதவர்களுக்காக இரண்டு சொற்களை மட்டும் விளக்கிவிடுகிறேன். பந்தை வீசுகிற பிட்சர், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில் நிற்கிறார். பேட்டர் மூன்று ஸ்ட்ரைக்குகளுக்கு (அடிக்கத் தவறிய, அல்லது அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்தும் விட்டுவிட்ட பந்துகளுக்கு) ஆளாகி, ஃபீல்டர் யாருடைய உதவியும் இல்லாமல் வெளியேறினால் அது ஸ்ட்ரைக்அவுட்; பிட்சருக்குக் கிடைக்கக்கூடிய மிகத் தூய்மையான வெற்றி அது. அந்த எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை வீசிவிட்டால் பேட்டர் மட்டையைச் சுழற்றாமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதற்குப் பெயர் வாக். கணக்குப்பிள்ளையின் மொழியில் சொன்னால் முன்னது வரவு, பின்னது பற்று.

ரயனின் பக்கத்தைத் திறந்தவுடன் மேலே தெரிவது மொத்தக் கணக்கு: 807 ஆட்டங்கள், 324 வெற்றிகள், 292 தோல்விகள், 5,386 இன்னிங்ஸ் (இங்கே மூன்று அவுட்டுகள் சேர்ந்தால் ஓர் இன்னிங்ஸ்), 5,714 ஸ்ட்ரைக்அவுட்டுகள், 2,795 வாக்குகள். ஸ்ட்ரைக்அவுட் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருக்கும் ராண்டி ஜான்சனின் எண்ணிக்கை 4,875. இடைவெளி மட்டுமே 839. வாக் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருக்கும் ஸ்டீவ் கார்ல்டனின் எண்ணிக்கை 1,833. அங்கே இடைவெளி 962. வரவிலும் முதல், பற்றிலும் முதல், அதுவும் பற்றில்தான் அடுத்தவரை அதிகத் தொலைவு பின்தள்ளியிருக்கிறார் என்பதை இரண்டு சொடுக்குகளில் கண்டுகொள்ள முடிகிறது. வேறொரு பிட்சரின் வாழ்க்கையில் இப்படி இரு துருவங்கள் ஒரே வரியில் அமர்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை.

அதற்குக் கீழே ஆண்டுவாரியான அட்டவணை வருகிறது. தளத்தின் உண்மையான வேலைப்பாடு இங்கேதான் இருக்கிறது. ஒரு வீரர் தன் லீகில் ஏதேனும் ஒரு கணக்கில் முதலிடம் பெற்ற ஆண்டில் அந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். ஒரு பக்கத்தில் எவ்வளவு தடித்த எழுத்து தென்படுகிறதோ அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று கண்ணாலேயே கணிக்கும் வழக்கம் பேஸ்பால் ரசிகர்களிடையே உண்டு. அதற்கென்றே கறுப்பு மை என்று ஓர் அளவுகோலும் அடிப்பகுதியில் தரப்பட்டிருக்கிறது. ஆனால் தடித்த எழுத்து பாராட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பதை ரயனின் பக்கம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. 1974ஆம் ஆண்டின் வரியில் 367 ஸ்ட்ரைக்அவுட்டுகள் தடித்திருக்கின்றன; சில கட்டங்கள் தள்ளி 202 வாக்குகளும் அதே தடிமனில் இருக்கின்றன. 1977இல் 341ம் 204ம் அப்படியே. ஸ்ட்ரைக்அவுட்டில் 11 முறையும் வாக்கில் 8 முறையும் லீகில் முதலிடம் பெற்றவரின் அட்டவணையில் புகழும் பழியும் ஒரே மையில் அச்சாகின்றன. எது நல்லது, எது கெட்டது என்று தளம் நிறம் தீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டாமல் விட்டது இந்தச் சேவையின் மிகப் பெரிய நாகரிகம் என்றே கருதுகிறேன்.

முதல் வரி 1966ஆம் ஆண்டுக்கு உரியது. 19 வயது, நியூயார்க் மெட்ஸ் அணி, 3 இன்னிங்ஸ், 6 ஸ்ட்ரைக்அவுட்டுகள், 3 வாக்குகள், ஈ.ஆர்.ஏ. 15.00. ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் தன் பொறுப்பில் விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரி. கிரிக்கெட்டின் பந்துவீச்சுச் சராசரியைப் போலவே குறைவாக இருந்தால்தான் நல்லது, 15 என்பது பேரிடர். இந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறவர், அதே பக்கத்திலிருந்து கிளை பிரியும் மைனர் லீக் (கீழ்நிலைப் போட்டிகள்) பக்கத்தைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். அதே 1966ஆம் ஆண்டில் கிரீன்வில் அணிக்காக அவர் 17 வெற்றி, 2 தோல்வி, 272 ஸ்ட்ரைக்அவுட்டுகள் என்று குவித்திருக்கிறார். டெக்சாஸ் மாநிலத்தின் ஆல்வின் என்ற சிற்றூரில் வளர்ந்து, அணிகள் புதிய வீரர்களை எடுத்துக்கொள்ளும் முந்தைய ஆண்டுத் தேர்வின் 12ஆம் சுற்றில்தான் எடுக்கப்பட்ட ஒரு பையனை மெட்ஸ் நிர்வாகம் ஏன் அவ்வளவு அவசரமாக மேலே அழைத்தது என்பதற்கு விடை அந்த இரண்டாம் பக்கத்தில் கிடைக்கிறது. 1967ஆம் ஆண்டுக்கு மேஜர் லீக் கணக்கே இல்லை. இராணுவக் கடமையும் கைக்காயமும் அந்தப் பருவத்தைத் தின்றுவிட்டன. தளம் அந்த இடைவெளிக்கு விளக்கம் தேடி நம்மை வெளியே அனுப்புகிறது.

மெட்ஸில் கழிந்த காலத்தின் கூட்டுத்தொகை 29 வெற்றி, 38 தோல்வி. 1969இல் உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தார் என்பதைத் தவிர அங்கே பெருமைப்பட அதிகமில்லை. பரிமாற்றங்களின் பட்டியலில் 1971 டிசம்பர் 10 என்ற தேதியின் எதிரே ஒரே ஒரு வரி: ரயனும் வேறு மூவரும் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்கு, பதிலாக ஜிம் ஃப்ரகோசி மெட்ஸுக்கு. பேஸ்பால் வரலாற்றின் மிக மோசமான பேரங்களைப் பட்டியலிடுகிறவர்கள் தவறாமல் சேர்க்கும் வரி இது. ஆனால் மெட்ஸின் தரப்பைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஃப்ரகோசியின் பெயரைச் சொடுக்க வேண்டும். ஆறு முறை ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர் அவர். அந்த நாளில் அந்தப் பேரம் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்காது. அடுத்த ஒன்றரை ஆண்டுகளில் அவர் மெட்ஸுக்காக ஆடியது 146 ஆட்டங்கள் மட்டுமே. பெயருக்குப் பெயர் தாவிப் போய் இரு தரப்பின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இந்த வசதி, அச்சில் வந்த பழைய புள்ளிவிவரத் தடித் தொகுதிகளில் கைவராத ஒன்று.

ஏஞ்சல்ஸில் அவருடைய எட்டு ஆண்டுகள்தான் அட்டவணையின் அடர்த்தியான பகுதி. 1972இல் 329, 1973இல் 383, 1974இல் 367 ஸ்ட்ரைக்அவுட்டுகள். 1973ஆம் ஆண்டின் 383 நவீன காலச் சாதனை. 1965இல் சாண்டி கோஃபாக்ஸ் எட்டியிருந்த 382ஐ ஒன்றே ஒன்றால் தாண்டியது. அந்த ஒன்று எப்போது கிடைத்தது என்று பார்க்க ஆட்டவாரிப் பட்டியலுக்குப் போனேன். அந்தப் பருவத்தில் அவர் தொடங்கி வீசிய கடைசி ஆட்டம், செப்டம்பர் 27, எதிரணி மினசோட்டா. ஒன்பது இன்னிங்ஸில் ஆட்டம் முடிந்திருந்தால் சாதனை இல்லை. சமநிலையால் ஆட்டம் நீண்டு, 11ஆம் இன்னிங்ஸில் ரிச் ரீஸ் என்ற பேட்டர் விழுந்தபோதுதான், அன்றைய 16ஆவது ஸ்ட்ரைக்அவுட்டாக, 383 வந்தது. மேல் அட்டவணையில் சலனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் எண்ணுக்குள் இத்தனை இழுபறி ஒளிந்திருப்பதை இந்தத் தளத்தில் தோண்டித்தான் எடுக்க வேண்டும், தோண்டினால் கிடைக்கும்.

தளத்தின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் தனித்தனி ஆட்டங்களின் ஸ்கோர் அட்டைகள் என்பேன். தன்னார்வலர்களைக் கொண்டு பழைய ஆட்டங்களின் பந்துவாரிக் குறிப்புகளைத் திரட்டிவரும் ரெட்ரோஷீட் என்ற அமைப்பின் உழைப்புதான் இவற்றின் அடித்தளம் என்பதைத் தளமே குறிப்பிடுகிறது. 1974 ஜூன் 14ஆம் தேதி அனஹைமில் பாஸ்டன் அணிக்கு எதிராக நடந்த ஆட்டத்தின் அட்டையை எடுத்துக்கொள்வோம். ரயனின் வரி: 13 இன்னிங்ஸ், 19 ஸ்ட்ரைக்அவுட்டுகள், 10 வாக்குகள். பாஸ்டனின் சிசில் கூப்பர் அன்று ஆறு முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார். எதிர்ப்பக்கத்தில் லூயிஸ் டியாண்ட் என்ற பிட்சர் 14 இன்னிங்ஸைக் கடந்தும் பிட்சர் நின்று வீசும் மேட்டை விட்டு இறங்கவில்லை. 15ஆம் இன்னிங்ஸில் ஏஞ்சல்ஸ் 4-3 என்று வென்றபோது தோல்வி டியாண்டின் பெயரில் எழுதப்பட்டது; ஆனால் வெற்றி ரயனின் பெயரில் எழுதப்படவில்லை, ஏனென்றால் அவர் 13ஆம் இன்னிங்ஸோடு வெளியேறிவிட்டார். அன்று அவர் 235 பந்துகளை வீசினார் என்பது பேஸ்பால் எழுத்துகளில் அடிக்கடி வரும் செய்தி. இன்றைய பிட்சர்கள் 100 பந்துகளைத் தொட்டாலே பயிற்சியாளர் எழுந்து நடக்கத் தொடங்குவதை நினைத்தால் அந்த எண்ணின் பயங்கரம் விளங்கும். பந்து எண்ணிக்கை 1988ஆம் ஆண்டிலிருந்துதான் முறையாகப் பதிவாகத் தொடங்கியது என்பதால், பழைய அட்டைகளில் இத்தகைய எண்ணை எதிர்பார்க்கக் கூடாது.

இன்னோர் அட்டை. 1973 மே 15, கன்சாஸ் சிட்டி: ரயனின் ஏழு நோ-ஹிட்டர்களில் முதலாவது. எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டுப் பேஸை எட்டுவது) தராமல் முழு ஆட்டத்தையும் முடிப்பதுதான் நோ-ஹிட்டர். பெரும்பாலான பிட்சர்கள் வாழ்நாளில் ஒன்றுகூட வீசுவதில்லை. அந்த அட்டையில் பிட்சரின் பெயரை எல்லாரும் பார்ப்பார்கள், கேட்சரின் பெயரைப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே இருப்பது ஜெஃப் டோர்போர்க். அவருடைய பக்கத்துக்குப் போய் 1965ஆம் ஆண்டின் ஆட்டங்களைப் புரட்டினால், செப்டம்பர் 9 அன்று கோஃபாக்ஸ் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் முடித்த பெர்ஃபெக்ட் கேமிலும் பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தவர் இவரேதான் என்பது தெரிகிறது. ரயனின் கட்டுப்பாடற்ற வேகத்தை ஏஞ்சல்ஸில் நெறிப்படுத்தியவர்களில், பயிற்சியாளர் டாம் மார்கனோடு சேர்த்துப் பேசப்படுகிறவரும் இந்த டோர்போர்க்தான். ஒரு பிட்சரைத் தேடிப் போய் ஒரு கேட்சரிடம் வந்து சேர்ந்த அந்த மாலைக்காகவே இந்தத் தளத்துக்கு நன்றி சொல்வேன்.

அட்டைகளின் எல்லையும் அதே ஆண்டில் தெரிகிறது. இரண்டே மாதம் கழித்து, ஜூலை 15 அன்று, டெட்ராய்ட்டில் இரண்டாவது நோ-ஹிட்டர், 17 ஸ்ட்ரைக்அவுட்டுகளுடன். அந்த ஆட்டத்தின் கடைசிப் பேட்டர் நார்ம் கேஷ். ரயனின் பந்தை மட்டையால் தொடவே முடியாது என்று சலித்துப்போய், ஓய்வறையிலிருந்து ஒரு மேசைக்காலை உருவிக்கொண்டு பிளேட்டுக்கு வந்தார். நடுவர் ரான் லுசியானோ அவரைத் திருப்பி அனுப்பி மட்டையை எடுத்துவரச் செய்தார். மட்டையோடு வந்தவர் எளிய கேட்ச் கொடுத்து வெளியேறினார். இந்தக் காட்சியை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஸ்கோர் அட்டையில் கேஷின் பெயருக்கு எதிரே இருப்பது அவர் அவுட் ஆனார் என்பது மட்டுமே. மேசைக்காலுக்குக் கட்டம் இல்லை. இதைத் தளத்தின் குறை என்று சொல்ல மனம் வரவில்லை. பேரேட்டில் கதை எழுதுவது வழக்கமில்லை. ஆனால் இந்தத் தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிட்சரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டுவிடலாம் என்று யாரேனும் நம்பினால், அவர்களிடம் முதலில் மேசைக்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேகமும் அப்படித்தான். 1974இல் அனஹைமில் அறிவியலாளர்கள் ரேடார் கருவியால் ரயனின் பந்தை அளந்தபோது மணிக்கு 100.9 மைல் என்று பதிவானது. ஏறத்தாழ 162 கிலோமீட்டர். அவரைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்கும் தெரிந்த ஒரே எண் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் ரயனின் பக்கத்து அட்டவணைகளில் வேகத்துக்கென்று ஒரு கட்டம் கிடையாது. பந்தின் வேகமும் சுழற்சியும் வேண்டுமென்றால் மேஜர் லீக் நிர்வாகமே நடத்தும் பேஸ்பால் சவான்ட் என்ற தளத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் முறையான அளவீடுகள் 2008க்குப் பிந்தைய பிட்சர்களுக்கே கிடைக்கும். ரயன் அதற்கு 15 ஆண்டுகள் முன்பே ஓய்வுபெற்றுவிட்டார்.

இப்போது வழக்கின் மையத்துக்கு வருவோம். 324 வெற்றிகளோடு 292 தோல்விகளையும் வைத்திருப்பவரை மிகச் சிறந்தவர் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் எதிர்த்தரப்பின் கேள்வி. 1979இல் அவர் 16 வெற்றி, 14 தோல்வி என்று முடித்தபோது, ஏஞ்சல்ஸின் பொது மேலாளர் பஸ்ஸி பவாசி, 8 வெற்றி, 7 தோல்வி என்று முடிக்கும் இரண்டு பிட்சர்களைப் பிடித்துவிட்டால் போதும் என்கிற தோரணையில் கேலியாகப் பேசி அவரைப் போகவிட்டார். ரயன் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குப் போய், ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் சம்பளம் பெறும் முதல் வீரரானார்.

பவாசியின் கணக்கு எவ்வளவு மேலோட்டமானது என்பதை 1987ஆம் ஆண்டின் வரி ஒன்றே காட்டிவிடுகிறது. ஹூஸ்டன் அணி, வயது 40, 8 வெற்றி, 16 தோல்வி. அதே வரியில் ஈ.ஆர்.ஏ. 2.76, லீகிலேயே மிகக் குறைவு, தடித்த எழுத்து. 270 ஸ்ட்ரைக்அவுட்டுகள், லீகிலேயே அதிகம், அதுவும் தடித்த எழுத்து. ஆட்ட மைதானம், அந்தக் காலத்து ரன் விகிதம் ஆகியவற்றுக்கு ஏற்பத் திருத்தப்பட்டு 100ஐச் சராசரியாகக் கொள்ளும் ஈ.ஆர்.ஏ. பிளஸ் என்ற கட்டத்தில் (இதில் கூடினால்தான் நல்லது) 142. லீகிலேயே சிறப்பாக வீசியவர்களில் ஒருவர் வென்றதைப்போல் இரு மடங்கு தோற்றிருக்கிறார். ஆட்டவாரிப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால் காரணம் புலப்படும்: அவர் இரண்டு ரன் விட்டுக்கொடுத்த நாளில் அவருடைய அணி ஒன்று எடுத்திருக்கும். வெற்றி, தோல்வி என்பது பிட்சரின் கணக்கு என்ற பெயரில் எழுதப்படும் அணியின் கணக்கு என்று எத்தனையோ பேர் கட்டுரை கட்டுரையாக வாதிட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வரியைக் காட்டினால் வேலை முடிந்தது.

ஆனால் ரயனின் பக்தர்கள் இத்தோடு பக்கத்தை மூடிவிட முடியாது. இன்னொரு தாவலில் டாம் சீவரைத் திறக்க வேண்டும். 1969இல் அதே மெட்ஸ் அணியில் ரயனோடு சேர்ந்து வீசியவர். 311 வெற்றி, 205 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.86, ரயனுக்கு 3.19, ஈ.ஆர்.ஏ. பிளஸ் 127, ரயனுக்கு 112. 3,640 ஸ்ட்ரைக்அவுட்டுகள், 1,390 வாக்குகள், அதாவது ரயனின் வாக்குகளில் பாதிக்கும் குறைவு. ஆண்டின் சிறந்த பிட்சருக்குத் தரப்படும் சை யங் விருதுகள் சீவருக்கு மூன்று. 27 பருவங்கள் ஆடிய ரயனுக்கு ஒன்றுகூட இல்லை. சராசரிக்குக் கீழான ஒரு மாற்று ஆட்டக்காரரைவிட ஒருவர் தன் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகப் பெற்றுத்தந்தார் என்று கணக்கிடும் வார் என்ற அளவீட்டில் சீவர் 100ஐத் தாண்டிவிடுகிறார். ரயன் 80களில் நிற்கிறார். ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.6 ஹிட் மட்டுமே கொடுத்த ரயனை அடிப்பது சீவரை அடிப்பதைவிடக் கடினம். ஆனால் அதே ஒன்பது இன்னிங்ஸில் 4.7 பேரை அவர் நடக்க விட்டிருக்கிறார், அவர்களில் சிலர் ஓடி வந்து ரன்னாகியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் நான் ரயன் வீசும் ஆட்டத்துக்குப் போவேன். ஒரு பருவம் முழுவதற்கும் அணியைக் கட்டும் பொறுப்பைத் தந்தால் சீவரை எடுப்பேன். இந்தப் பிரிவினைக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது தளத்தின் எந்த வாசகமும் அல்ல, இரு அட்டவணைகளின் கட்டங்கள்.

பயன்பாட்டைப் பற்றிச் சில சொற்கள். அட்டவணைகள் அகலமானவை, கைப்பேசியில் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தித்தான் படிக்க வேண்டியிருக்கும், கணினித் திரையே உகந்தது. சுருக்கெழுத்துத் தலைப்புகளின்மேல் சுட்டியை நிறுத்தினால் விளக்கம் தோன்றும் என்பது புதியவர்களுக்குப் பேருதவி. எந்த அட்டவணையையும் விரிதாளுக்கு ஏற்ற வடிவில் இறக்கிக்கொள்ளலாம். அப்படி இறக்கியபோது நானே விழுந்த ஒரு குழியைச் சொல்லிவிடுகிறேன். இன்னிங்ஸ் கட்டத்தில் 332.2 என்றிருந்தால் 332 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டுகளும் என்று பொருள். ஓவர் கணக்கில் 12.4 என்று நாம் எழுதுவதைப்போல. கண்ணால் படிக்கும்போது நன்றாகப் புரிந்திருந்த இதை, 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளையும் விரிதாளில் கூட்டும்போது மறந்துபோனேன். 332.2, 198.0, 284.1 ஆகியவற்றைக் கூட்டி 814.3 என்று விரிதாள் சொன்னதை நம்பி ஒரு நண்பருக்கு அனுப்பியும்விட்டேன். சரியான விடை 815. மூன்று அவுட்டுகள் சேர்ந்தால் ஓர் இன்னிங்ஸ் என்று ஓவர் எண்ணத் தெரிந்தவனே கோட்டைவிட்டதை அந்த நண்பர் இன்றும் விடுவதாக இல்லை.

கட்டணம் செலுத்துகிறவர்களுக்கு ஸ்டாட்ஹெட் என்ற தேடல் கருவி தனியாக உண்டு. 40 வயதுக்குமேல் ஒரே ஆட்டத்தில் 15 ஸ்ட்ரைக்அவுட்டுகளைக் கடந்தவர்கள் யார் யார் என்பதுபோன்ற கேள்விகளை நிபந்தனைகளாக அடுக்கிக் கேட்டால் பட்டியல் போட்டுத் தரும். எழுதுகிறவர்களுக்கும் பந்தயம் கட்டி வாதிடுகிறவர்களுக்கும் அது பயன்படும். ஒரு வீரரின் வாழ்க்கையை நிதானமாகப் படிக்க விரும்புகிறவருக்கு இலவசப் பக்கங்களே தாராளம். நான் இந்தக் கட்டுரைக்காகப் பார்த்தவற்றுள் எதற்கும் பணம் தேவைப்படவில்லை.

அட்டவணையின் கடைசிப் பகுதி டெக்சாஸ் ரேஞ்சர்ஸில் கழிந்த ஐந்து ஆண்டுகள். வயதுக் கட்டத்தை மறைத்துவிட்டுப் படித்தால் அது ஓர் இளைஞனின் பட்டியலைப்போலிருக்கும்: 1989இல் 42 வயதில் 301 ஸ்ட்ரைக்அவுட்டுகள், அந்த ஆகஸ்டில் ரிக்கி ஹெண்டர்சன் அவருடைய 5,000ஆவது இரை, 1990இல் ஆறாவது நோ-ஹிட்டரும் 300ஆவது வெற்றியும், 1991 மே 1 அன்று டொரண்டோவுக்கு எதிராக, 44 வயதில், ஏழாவது நோ-ஹிட்டர். பக்கத்தின் அடியில் 1999ஆம் ஆண்டின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்மண்டபத்துக்கான வாக்கெடுப்பும் இருக்கிறது: வாக்களித்த 497 பேரில் 491 பேரின் ஆதரவு. சீவரைவிடக் குறைந்த அளவீடுகளை உடையவருக்கு இவ்வளவு ஆதரவா என்று கேட்கிறவர், அந்த 44ஐயும் மே 1ஐயும் ஒருமுறை சேர்த்துப் படிக்கட்டும்.

கடைசியாக 1993ஆம் ஆண்டின் ஆட்டவாரிப் பட்டியலைத் திறந்து அதன் கடைசி வரிக்கு இறங்கினேன். செப்டம்பர் 22, சியாட்டில். ஒரு ஹிட், தொடர்ந்து மூன்று வாக்குகள், அதன்பின் டான் ஹவிட் அடித்த கிராண்ட் ஸ்லாம், அதாவது மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்க நான்கு ரன் தரும் அடி. அடுத்த பேட்டருக்கு வீசிக்கொண்டிருக்கும்போது முழங்கையின் தசைநார் அறுந்தது. 46 வயதில் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். தொங்கலில் விட்டுப்போன அந்தப் பேட்டரை அடுத்து வந்த பிட்சர் நடக்கவிட்டார். விதிப்படி அந்த வாக்கும் ரயனின் கணக்கிலேயே ஏறியது. அந்த வரியில் இன்னிங்ஸ் 0.0, ரன்கள் 5, ஸ்ட்ரைக்அவுட் 0, வாக்குகள் 4. அவற்றில் கடைசியானதுதான் 2,795ஆவது.